அளவு நாடா சொன்ன உண்மை

அளவெடுக்க வாருங்கள் என்று அழைத்தால், "எதற்கம்மா? இதோ பழைய ரவிக்கை இருக்கிறதே, இதைப் பார்த்தே தைத்துவிடுங்கள்" என்று கூறும் தாய்மார்களே நம்மிடையே மிகுதி. தையற்பொறியின் முன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அமர்ந்துவிட்ட நானும் ஒரு காலத்தில் அந்தப் பழைய ரவிக்கையை நம்பியவள்தான். அந்த நம்பிக்கை எவ்வாறு அகன்றது என்பதையே இங்குச் சொல்ல விழைகிறேன்.

1979-ஆம் ஆண்டில் கன்னியர் மடம் ஒன்றில் நடைபெற்ற தையல் வகுப்பில் சேர்ந்தேன். எங்களுக்குக் கற்பித்த சகோதரி, முதல் மாதம் முழுவதும் கத்தரிக்கோலைத் தொடவே விடவில்லை. ஒருவருக்கொருவர் அளவெடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் மீண்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். ஒரே தோழியின் மார்புச் சுற்றளவு திங்களன்று 32 அங்குலமாகவும், செவ்வாயன்று 33 அங்குலமாகவும் வந்தபோது நாங்கள் சிரித்தோம். சகோதரி சிரிக்கவில்லை. "உடம்பு ஓர் இரவில் வளரவில்லை, உங்கள் கைதான் மாறியிருக்கிறது" என்றார். முன்புறம் சரியாக நின்ற நாடா, முதுகுப்புறம் இறங்கிப்போயிருந்தது.

அவர் கற்பித்த முறை எளியது. அளவு கொடுப்பவர் நிமிர்ந்து, மூச்சை இழுத்துப் பிடிக்காமல், கைகளை இயல்பாகத் தொங்கவிட்டு நிற்க வேண்டும். சேலைக் கொசுவத்தின் மேல் அளத்தல் கூடாது. சுற்றளவு எதுவாயினும் நாடா தரைக்கு இணையாக உடலைச் சுற்றி வர வேண்டும். இறுகவும் கூடாது, தொங்கவும் கூடாது. அணிவதற்கு வேண்டிய தளர்ச்சியை வரையும்போது சேர்க்க வேண்டுமேயன்றி, அளக்கும்போது அன்று. இடுப்பு எங்கே என்ற ஐயம் எழுந்தால் ஒரு நூற்கயிற்றைக் கட்டி, இருபுறமும் சற்றே சாயச் சொன்னால், அது தானே தன் இடத்தில் போய் நிற்கும். தோள் அகலத்தை ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து மற்றதன் முனைவரை முதுகுப்புறமாக அளக்க வேண்டும். முழுக்கைச் சட்டையாயின் முழங்கையைச் சிறிது மடக்கிய நிலையில் அளக்க வேண்டும். இல்லையேல் கையை மடக்கும்போதெல்லாம் மணிக்கட்டு வெளியே தெரியும்.

இத்துணை நுணுக்கம் எதற்கு என்பீர்கள். மார்புச் சுற்றளவின் நாலில் ஒரு பங்கை வைத்தே ரவிக்கையை வரைகிறோம். அந்தக் கால்பங்கில் அரை அங்குலம் பிழைத்தால், தைத்து முடித்த ரவிக்கையில் அது 2 அங்குலப் பிழையாகிவிடும்.

இவ்வளவும் கற்றிருந்த நான், என் அம்மாவுக்கு மட்டும் ஒருநாளும் அளவெடுத்ததில்லை. "என் அளவு உனக்குத் தெரியாததா?" என்று சொல்லி, 1983-இல் நான் தைத்துக் கொடுத்த நீல ரவிக்கையையே ஒவ்வோர் ஆண்டும் எடுத்து நீட்டுவார். நானும் அதைப் பார்த்தே வெட்டுவேன்.

1986-ஆம் ஆண்டு. கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குத் தைத்துக் கொடுத்த ரவிக்கையைத் துவைக்க எடுத்தபோது, அதன் இருபக்கமும் உட்புறம் மடித்துக் கைத்தையல் போடப்பட்டிருக்கக் கண்டேன். என் மனம் புண்பட்டது. ஊருக்கெல்லாம் தைக்கிறேன், பெற்ற தாய்க்கு என் தையல் பொருந்தவில்லையா? சற்றுக் கடிந்தே கேட்டுவிட்டேன். அம்மா கோபிக்கவில்லை. "உன் தையலில் குறையில்லை மகளே, துணிதான் எப்படியோ தளர்ந்துபோகிறது" என்றார்.

புதுப் பருத்தித் துணி நீர் பட்டால் சுருங்கும், தளர்வதில்லை. அதனால்தான் வெட்டுமுன் நனைத்து உலர்த்துகிறோம். அன்றுதான் அம்மாவை நிற்க வைத்து நாடாவைச் சுற்றினேன். என் பழைய குறிப்பேட்டில் 38 அங்குலம் என்றிருந்த மார்புச் சுற்றளவு 34½ ஆகியிருந்தது. நாடாவை ஐயுற்று, இரும்பு அளவுகோலில் வைத்துச் சரிபார்த்து, மீண்டும் அளந்தேன், அதே அளவு. 12 அங்குலமாயிருந்த மேற்கைச் சுற்று 10 அங்குலத்துக்கு வந்திருந்தது. ஒரே வீட்டில், ஒரே உலையில் பொங்கி உண்டவர்கள் நாங்கள். நாள்தோறும் கண்ட முகமாதலால் என் கண்ணுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரவில் அவர் அடிக்கடி எழுந்து தண்ணீர் குடிப்பதையும் முதுமை என்றே எண்ணியிருந்தேன்.

மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இரத்தத்தில் சர்க்கரை மிக உயர்ந்திருப்பதாகக் கண்டறிந்தார். "இன்னும் தாமதித்திருந்தால்..." என்று தொடங்கியவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மருந்தும் உணவுக் கட்டுப்பாடுமாக, அதன்பின் அம்மா பதினான்கு ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்தார்.

அன்று முதல் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டேன். யார் வந்தாலும் புதிதாக அளவெடுத்து, நாளையும் சேர்த்துக் குறித்து வைப்பேன். வளரும் பிள்ளைகளுக்குச் சென்ற ஆண்டின் அளவு உதவாதென்பதை யாவரும் அறிவர். பெரியவர்களின் உடலும் மாறும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். பெண்களைத் திரைக்குப் பின்னால் அழைத்து அளப்பேன். எண்ணை உரக்கச் சொல்லமாட்டேன். பருத்தோ மெலிந்தோ போனவர் நாணி நிற்கும்போது, அந்த நாணத்தை மற்றவர் செவிக்குக் கொண்டுபோகலாகாது. அளவு காரணமின்றிப் பெரிதும் குறைந்திருந்தால், தனியே அழைத்து, "உடம்பைக் காட்டிக்கொண்டீர்களா?" என்று மட்டும் கேட்பேன்.

தாய்மார்களே, உங்கள் வீட்டு முதியோருக்கு அடுத்த முறை துணி எடுக்கும்போது, பழைய சட்டையைக் கடைக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். ஒரு நாடாவோடு அவர்கள் அருகில் சென்று நில்லுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

அந்த நீல ரவிக்கை இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. அதைப் பார்த்து நான் எதையும் வெட்டுவதில்லை.