ஆறின கஞ்சியும் ஊறின மாவடுவும்

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்பது நம் வீடுகளில் அடிக்கடி வழங்கும் பழமொழி. எதையும் சூட்டோடு சூடாகச் செய்துவிட வேண்டும், தாழ்த்தினால் சுவை கெடும் என்பது அதன் கருத்து. ஆனால் அதே வீட்டுச் சமையலறை மூலையில் ஒரு ஜாடியில் மாவடு ஊறிக்கொண்டிருக்கிறது. அதை அவசரப்பட்டு எடுத்தால் துவர்க்கும். பொறுத்து எடுத்தால்தான் ருசிக்கும். அப்படியானால், காலந்தாழ்ந்து வரும் ஒரு பொருளைக் கஞ்சியோடு சேர்ப்பதா, மாவடுவோடு சேர்ப்பதா? இந்த வழக்கு எங்கள் குடும்பத்தில் பல ஆண்டுகள் நடந்தது. வழக்குக்குக் காரணம் ஒரு ராக் இசைக்குழு என்று சொன்னால் வாசக அன்பர்கள் வியக்கக்கூடும்.

அக்குழுவின் பெயர் 'இந்தியன் ஓஷன்'. டில்லியில் 1990-ல் தோன்றியது. கிதார் வாசித்த சுஷ்மித் சென்னும், தபலா வாசித்துக்கொண்டே பாடிய அஷீம் சக்கரவர்த்தியும் அதைத் தொடங்கினார்கள். பிறகு ராகுல் ராமும் அமித் கிலாமும் வந்து சேர்ந்தார்கள். மேனாட்டு ராக் இசையின் முழக்கமும் நம் நாட்டு ராகங்களும் நாட்டுப்பாடல்களும் அவர்களிடம் ஒன்றாய்க் கலந்து ஒலித்தன. அவர்கள் நெடுங்காலம் கூடிப் பயின்ற இடம் கரோல் பாக்கில் கஜூர் ரோடில் இருந்த ஒரு பழைய பங்களா. கரோல் பாக் என்றால் டில்லித் தமிழர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. உத்தியோகத்தை நம்பித் தலைநகருக்கு வந்த நம்மவரில் எத்தனையோ குடும்பங்கள் முதன்முதலில் மூட்டை முடிச்சுகளை இறக்கியது அங்கேதான். நாங்களும் அவ்வாறே.

2000-ஆம் ஆண்டில் வெளியான 'கந்தீசா' என்னும் தொகுப்பின் ஒலிநாடாவைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் பையன் வாங்கி வந்தான். எங்கள் தகப்பனார் கும்பகோணத்து மனிதர். கச்சேரி கேட்டே வளர்ந்தவர். பையனுடைய அறைக்கதவை மூடச் சொல்லத்தான் எழுந்து போனார். போனவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது என்ன பாஷையடா?" என்றார்.

கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் வழங்கும் பழைய துதி, அரமேயிக் மொழி என்று பையன் விளக்கினான். அதே தொகுப்பில் நர்மதைக் கரை மக்களின் பாட்டும் இருந்தது. "கேரளத்துத் துதியை டில்லிப் பிள்ளைகள் பாடுகிறார்கள், கும்பகோணத்தான் கேட்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, நாடாவை மறுபடியும் முதலிலிருந்து சுழலவிடச் சொன்னார். அன்று முதல் அக்குழுவுக்கு எங்கள் வீட்டில் இரண்டு ரசிகர்கள்.

2003-ல் 'ஜீனி' வந்தது. கபீர்தாசரின் பாடலிலிருந்து பிறந்த பெயர் அது. அடுத்த தொகுப்புக்காகத் தாத்தாவும் பேரனும் காத்திருக்கத் தொடங்கினார்கள். 2007-ல் திரைக்கு வந்த 'பிளாக் ஃப்ரைடே' படத்துக்கு அவர்கள் அமைத்த இசை அவர்கள் பெயரை நாடெங்கும் பரப்பியது. ஆனால் சொந்தத் தொகுப்பு வந்தபாடில்லை. "ஆறின கஞ்சி" என்று பையன் சலித்துக்கொள்வான். "கூடி உட்கார்ந்து வாசித்து வாசித்தே பாட்டைக் கண்டுபிடிக்கிறவர்கள். ஜாடியை அடிக்கடி திறந்து பார்க்காதே" என்பார் தகப்பனார்.

2009 டிசம்பர் 25-ஆம் தேதி அஷீம் சக்கரவர்த்தி காலமானார். பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முன்பின் பழகாத ஒருவருக்காக ஒரு வாலிபன் இப்படித் துக்கம் காப்பது எங்களுக்குப் புதுமையாக இருந்தது. ஆனால் ஊர்விட்டு ஊர் வந்து வாழ்கிறவர்களுக்கு உறவு என்பது இரத்தத்தால் மட்டும் அமைவதன்று. காதுவழியாகவும் அமையும் என்பதை அப்போது உணர்ந்தோம்.

அஷீமின் குரல் பதிவாகியிருந்த பாடல்கள் 2010 ஜூலை முதல் வெளிவந்தன. தொகுப்பின் பெயர் '16/330 கஜூர் ரோடு'. அந்தக் கரோல் பாக் பங்களாவின் விலாசமேதான். பாடல்களை ஒருசேர விற்காமல் மாதத்துக்கு ஒன்றாக இணையத்தில் இலவசமாகவே வெளியிட்டார்கள். இந்த ஏற்பாடு எங்கள் தகப்பனாருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. 1950-லிருந்து 1954 வரை 'பொன்னியின் செல்வன்' கல்கியில் வாராவாரம் வந்தபோது, பத்திரிகைக் கட்டு இறங்கும் கடைவாசலில் நின்ற பள்ளிப் பையன்களில் அவரும் ஒருவர். அந்தப் பழைய காத்திருப்பு எழுபது வயதுக்கு மேல் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

ஆனால் பையன் மனம் ஆறவில்லை. "பாடுகிறவரே போய்விட்டார். இத்துடன் குழுவைக் கலைத்துவிடுவதுதான் மரியாதை. வேறொருவர் வந்து பாடினால் அது எப்படி அதே குழுவாகும், தாத்தா?" என்றான்.

தகப்பனார் சொன்ன பதில் இன்னும் எங்கள் காதில் ஒலிக்கிறது. "கல்கி 1954-ல் காலமானபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. அவருடைய மகள் ஆனந்திதான் எழுதி முடித்தார். தகப்பனாரைப் போல எழுத முடியுமா என்று அந்தப் பெண் தயங்கியிருந்தால் கதை அந்தரத்தில் அல்லவா நின்றிருக்கும்? மறுபடியும் அதே ஆளாக நிற்பது யாராலும் ஆகாது. விட்ட இடத்திலிருந்து தொடர்வது ஆகும்."

பையன் ஒப்புக்கொள்ளவில்லை. 2013-ல் சுஷ்மித் சென்னும் குழுவை விட்டு விலகினார். தொடங்கிய இருவரும் இல்லாமலே 2014-ல் 'தந்தானு' வந்தது. நிகில் ராவ், ஹிமான்ஷு ஜோஷி, துஹீன் சக்கரவர்த்தி என்று புதியவர்கள் சேர்ந்திருந்தார்கள். விருந்தாளிகளாக வாசித்தவர்களில் வயலின் குமரேஷும் கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷும் இருந்தது கண்டு தகப்பனார் பூரித்துப்போனார். "பார்த்தாயா, நம்மவர்களையும் அழைத்திருக்கிறார்கள்!" என்றார். பையன் ஒருமுறை கேட்டான், பாராட்டவுமில்லை, பழிக்கவுமில்லை.

அதன்பின் மறுபடியும் நீண்ட மௌனம். 2015-ல் 'மசான்' படத்துக்கு இசையமைத்தார்கள், கச்சேரிகளும் செய்தார்கள். தொகுப்பு மட்டும் வரவில்லை. பையன் பெங்களூருக்கு உத்தியோகம் பார்க்கப் போனான். தொலைபேசியில் தாத்தா கேட்கும் முதல் கேள்வி உடம்பைப் பற்றி, இரண்டாவது கேள்வி, "ஏதாவது சேதி உண்டா?" என்பது. எந்தச் சேதி என்று இருவருக்கும் தெரியும். ஊரும் வயதும் பிரித்துவைத்த இருவரிடையே பேசுவதற்கு அந்தத் தாமதம் ஒரு பொருளைக் கொடுத்துக்கொண்டிருந்தது. தொகுப்பு உரிய காலத்தில் வந்திருந்தால் இத்தனை பேச்சு நடந்திருக்குமா என்று எங்களுக்குச் சந்தேகந்தான்.

2021-ல் தகப்பனார் காலமானார். தாயார் பாட்டுப் பெட்டியைத் துணி போட்டு மூடிவிட்டார். மார்கழியில்கூட எங்கள் வீட்டில் பாட்டு ஒலிக்கவில்லை. "கேட்கிறவரே போன பிறகு பாட்டு எதற்கு?" என்பார். அவர் துக்கத்தின் முன் நாங்கள் என்ன சொல்வது? பேசாதிருந்தோம்.

2023-ல் ஒன்பது ஆண்டுத் தாமதத்துக்குப் பின் 'தூ ஹை' வெளியாயிற்று. பையன் விடுப்பெடுத்துக்கொண்டு டில்லிக்கு வந்தான். பாட்டியிடம் போய் உட்கார்ந்தான். துணியை எடுக்கலாமா என்று கேட்டான். பாட்டி தம் பழைய கேள்வியையே கேட்டார்.

"பாட்டி, பாடுகிறவர் போனபோது நானும் இதைத்தான் தாத்தாவிடம் கேட்டேன். தாத்தா எனக்கு ஆனந்தியின் கதையைச் சொன்னார். அன்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்று அவர் கேட்க வேண்டியதை நாம் கேட்போம். அவரைப் போலக் கேட்க நமக்குத் தெரியாது. விட்ட இடத்திலிருந்து கேட்கலாம்" என்றான்.

தாயார் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வை" என்றார்.

முழுத் தொகுப்பையும் கேட்டோம். பழைய குரல் இல்லைதான். அந்த இடம் வெறுமையாக இருப்பதை உணர்ந்தபடியே புதிய குரலையும் கேட்க முடிந்தது. கஞ்சியா, மாவடுவா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் எங்களிடையே இல்லை. ஆகையால் வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

ஊரைவிட்டு வந்த நாம் அனைவரும் ஏதேனும் ஒன்றுக்காகக் காத்திருப்பவர்களே. மாற்றல் உத்தரவுக்காக, ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட்டுக்காக, தூரத்திலுள்ள பிள்ளைகளின் வரவுக்காக என்று காத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளை எதற்காகக் காத்திருக்கிறான் என்று ஒருநாள் விசாரித்துப் பாருங்கள். பெயர் புரியாத பாட்டாக இருக்கலாம். உங்கள் காதுக்கு அது இரைச்சலாகவும் இருக்கலாம். ஆயினும் அவன் அருகில் சற்று உட்காருங்கள். அடுத்தமுறை தொலைபேசியில் பேசும்போது கேட்பதற்கு உங்களுக்கும் ஒரு கேள்வி கிடைக்கும்.