முன்பனியும் ஒரு பேட்டரியும்

தொல்காப்பியம் குறிஞ்சித் திணைக்கு உரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் சொல்கிறது. ஆண்டுதோறும் இப்பகுதியை நடத்தும்போது தலைகுந்தா, எமரால்டு பக்கத்து மாணவர்கள் தமக்குள் சிரித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு முன்பனி ஏட்டில் உள்ள பொழுது அன்று. காலை ஆறு மணிக்கு, புல்லெல்லாம் வெண்மை பூத்துக் கிடக்கும்போது, கிளம்ப மறுக்கும் மோட்டார் சைக்கிள்தான் முன்பனி. மார்கழியிலும் தையிலும் தாமதமாக வகுப்புக்கு வருகிறவர்களிடம் நாம் கேட்கும் காரணம் ஒன்றே: "குளிர்ல பேட்டரி போயிடுச்சு, ஐயா."

இந்தப் பழியைக் குளிரின்மேல் போடுவது சரியா என்பதில் நமக்கு நெடுநாளாக ஐயம் உண்டு.

பேட்டரிக்குள் நிகழ்வது எளிய வேதியியல்தான். ஈயத் தகடுகள், நீர்த்த கந்தக அமிலம், ஆறு அறைகள். 1859-இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே அமைத்த கலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. முழுதாக மின்னேறிய நிலையில் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். குளிரில் உள்ளே வினை மந்தமாகும். எஞ்சின் எண்ணெயும் கெட்டிப்படும். கொடுப்பவன் கை தளரும் நேரத்தில் கேட்பவன் கூடுதலாகக் கேட்கிறான். ஆகவே நலிந்த பேட்டரி அதிகாலையில் படுத்துவிடுகிறது. ஆனால் அது நலிந்தது அன்று அதிகாலையில் அன்று. சும்மா இருக்கும் பேட்டரி தானாக மின்னை இழக்கும் வேகம் குளிரில் குறையவே செய்யும். மேட்டுப்பாளையத்து வெயில்தான் பேட்டரிக்கு உண்மையான எமன். குளிர் நோயைக் காட்டிக்கொடுக்கிறதே தவிர, நோயைத் தருவதில்லை.

நோய், வண்டி நிற்பது. மின் குறையும்போது தகடுகளில் ஈய சல்பேட் நுண்ணிய படிகமாகப் படியும். விரைவில் மின்னேற்றினால் அது கரைந்துபோகும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் படிகம் பெருத்து இறுகும். பிறகு எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் முழுதாகக் கரையாது. 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பேட்டரியை அப்படியே நிறுத்தி வைப்பது அதன் ஆயுளை நாளுக்கு நாள் அரிப்பது.

நீலகிரியில் வண்டி நிற்பதற்குக் காரணங்கள் நிறைய. கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை. இரண்டிலும் வண்டி படுதாவுக்குள் போய்விடும். ஓடுகிற நாட்களிலும் வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று இரண்டு கிலோமீட்டர். ஸ்டார்ட்டர் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க அந்த ஓட்டம் போதாது. இறக்கத்தில் பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போகும் வழக்கம் வேறு. பேட்டரியை விடுங்கள், கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அது உயிருக்கே உலை.

முன்பெல்லாம் இதற்கு மாற்று இருந்தது. உதைத்துக் கிளப்பலாம், இல்லாவிட்டால், சரிவுக்குப் பஞ்சமில்லாத ஊர், தள்ளிவிட்டு இரண்டாம் கியரில் கிளட்சை விடலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்தது. எரிபொருளை உட்செலுத்தும் பம்புக்கே மின்சாரம் வேண்டும். 2021-இல் வந்த புதிய கிளாசிக் 350-இல் உதைக்கும் கோலே இல்லை. பேட்டரி அறவே படுத்தால் சரிவும் உதவாது.

நம் பக்கத்து வீட்டுப் பெரியவர் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வளைகுடாவில் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை மே மாதம் வருவார். அவருடைய வண்டி கொட்டகையில் நிற்கிறது. "வித்துடுங்கப்பா" என்று மகன் பலமுறை சொல்லிவிட்டார். பெரியவர் விற்கவில்லை. உள்ளங்கை அளவில் ஒரு பராமரிப்பு சார்ஜர் வாங்கி மாட்டியிருக்கிறார். அது முதலில் 14.4 வோல்ட் வரை ஏற்றும். நிறைந்ததும் தானே இறங்கி 13.5 வோல்ட் அளவில் காத்துக்கொண்டிருக்கும். இழப்பதை மட்டும் ஈடுசெய்யும். பச்சை விளக்கு எரிகிறதா என்று நாள்தோறும் பார்த்துவிட்டுத்தான் அவர் உறங்கப் போகிறார்.

பழைய டிரிக்கிள் சார்ஜரை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பார். அது நிறைந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருக்கும். உள்ளிருக்கும் நீர் வற்றிவிடும். பட்டறையில் லாரி பேட்டரிக்கு வைத்திருக்கும் பெரிய சார்ஜர் இன்னும் மோசம். ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு என்பது அவர் கணக்கு. 8 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.8 ஆம்பியர்.

சென்ற ஆண்டு தை மாதம், பின்னிரவில், அவர் மனைவிக்கு மூச்சுத்திணறல். எங்கள் தெருவில் செல்பேசித் தொடர்பு கிடைத்தால் அதிர்ஷ்டம், அன்று கிடைக்கவில்லை. ஓடிவந்த எதிர்வீட்டு இளைஞரின் வண்டி இருமியதோடு சரி. பெரியவர் கொட்டகையைத் திறந்து, கவ்விகளைக் கழற்றி, சாவியை நீட்டினார். ஒன்பது மாதமாக ஓடாத வண்டி ஒரே அழுத்தில் கிளம்பியது. இருபது நிமிடத்தில் டாக்சி வந்தது. அம்மையார் இப்போது நலம். காலையில் பூப்பறிக்கும்போது நம்மிடம் பேசுகிறார். எதிர்வீட்டு இளைஞரும் ஒரு சார்ஜர் வாங்கிவிட்டார்.

வாங்க எண்ணுவோருக்குச் சில செய்திகள். சிவப்புக் கவ்வியை முதலில் மாட்டி, கறுப்பைப் பிறகு மாட்டுங்கள். மின்சாரத்தை அதன்பின் போடுங்கள். கழற்றும்போது தலைகீழ். மின்னேறும்போது ஹைட்ரஜன் வெளியேறலாம். காற்றோட்டம் தேவை, பீடி வேண்டாம். லித்தியம் பேட்டரியானால் அதற்குரிய சார்ஜர்தான். முற்றாக மின் இழந்த பேட்டரி கடும் உறைபனியில் உறையவும் கூடும். உறைந்ததை ஒருபோதும் மின்னேற்றக் கூடாது.

1932-இலேயே பைக்காராவில் மின் உற்பத்தி செய்து சமவெளிக்கு அனுப்பிய மலை இது. இருந்தும் எஸ்டேட் லைன் வீடுகளில் வண்டி நிற்கும் இடத்தில் பிளக் இருப்பதில்லை. அங்கே இருப்பவர்கள், நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால், நெகடிவ் முனையைக் கழற்றிவிடலாம். கடிகாரமும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சொட்டுச் சொட்டாக உறிஞ்சுவது நிற்கும். மாதம் ஒருமுறை பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து ஓர் இரவு சார்ஜரில் போட்டால் போதும். அதற்குப் பத்து எண் ஸ்பேனர் ஒன்றும், சில வண்டிகளுக்கு ஒரு திருப்புளியும் வேண்டியிருக்கும்.