கை தூக்கினால் தெரியும்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடி மாதக் காற்றைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். முப்பந்தலில் காற்றாலைகள் அத்தனை நெருக்கமாக நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். அந்தக் காற்றில் தோவாளைப் பூச்சந்தைக்குக் கூடையோடு நடந்துபோகும் ஒரு பெண்ணைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். ஒரு கை கூடையைப் பிடித்திருக்கும், மறு கை கொசுவத்தை. கூடை இறங்கும்வரை அவருக்கு வேறெதற்கும் கை இல்லை. உடுப்பு அழகாக இருக்கிறதா என்பது அப்புறம். இரண்டு கையையும் வேலைக்கு விட்டுக்கொடுக்கிறதா என்பதுதான் அன்றாட உடையிடம் நான் முதலில் கேட்பது.

*

கைக்குழி.

நாகர்கோவில் தையல் கடைகளில் ஓயாமல் காதில் விழுவது இது: "கை பிடிக்குது, கைக்குழிய கொஞ்சம் லூசா விடுங்க." பெரும்பாலான தையல்காரர்கள் கேட்டபடியே கைக்குழியை அரை அங்குலம் கீழே இறக்கி வெட்டிவிடுவார்கள். கை தொங்கும்போது வசதியாகத்தான் இருக்கும். உயர்த்தினால் சட்டை முழுவதும் கையோடு சேர்ந்து மேலே ஏறும், இடுப்பு தெரியும், முதுகு இழுக்கும். கைக்குழி அக்குளுக்கு நெருக்கமாக, மேலே இருக்க வேண்டும். கையின் மேல்வளைவு தாழ்வாக இருக்க வேண்டும். அப்போது கை மட்டும் மேலே எழும், உடல்பகுதி தன் இடத்தில் நிற்கும். வளைவு உயரமாக வெட்டிய கை, நேரே நிற்கும்போது மடிப்பில்லாமல் விழுந்து போட்டோவுக்கு நன்றாக இருக்கும். துணி காயப்போட உதவாது.

பார்வதிபுரம் பக்கம் வீட்டிலேயே தைக்கும் ஒரு பெண் அளவு நாடாவை எடுப்பதற்கு முன் சொல்வார்: "ஒண்ணு கைய மேல தூக்குங்கக்கா. இனி குனிஞ்சு தரையத் தொடுங்க." அதன் பிறகுதான் அளப்பார். தோளிலிருந்து தோளுக்கு முதுகை அளக்கும்போது இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொள்ளச் சொல்வார். நின்ற முதுகுக்கும் அந்த முதுகுக்கும் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது. அந்த ஒரு அங்குலத்தை விடாமல் தைத்த ஜாக்கெட்தான் பேருந்துக் கம்பியைப் பிடிக்கும்போது அக்குளில் கிழிகிறது.

நாம் செய்வது என்ன? பழைய அளவு ஜாக்கெட்டைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறோம். அதில் இருக்கிற குறை அடுத்த ஜாக்கெட்டுக்கும் அதற்கடுத்ததற்கும் அப்படியே போகிறது.

*

இந்த மாவட்டத்தில் ஜாக்கெட்டைப் பற்றி எழுதும்போது தோள்சீலைப் போராட்டத்தைத் தாண்டிப் போக முடியாது. போகவும் கூடாது.

திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் உள்ளிட்ட பல சாதிப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியத் தடை இருந்தது. 1810-களில் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறித்தவத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் என்ற தைத்த சட்டை போட்டுக்கொள்ள அனுமதித்தார். பெண்கள் அதோடு நிற்கவில்லை. உயர்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலையும் போட்டார்கள். 1822-இல் கல்குளம் வட்டாரத்தில் தொடங்கிய தாக்குதல்கள் 1820-களின் கடைசிவரை விட்டுவிட்டு நடந்தன. சந்தைகளில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. 1829 பிப்ரவரி 3-இல் ராணி கௌரி பார்வதிபாய் வெளியிட்ட அறிவிப்பு, குப்பாயத்துக்கு இடம் கொடுத்து, தோள்சீலையைத் தடுத்தது. 1858 இறுதியில் மறுபடியும் கலவரம், தீவைப்பு. சென்னை ஆளுநர் டிரெவெல்யன் அழுத்தம் கொடுக்க, 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மன்னரின் அறிவிப்பு வந்தது. கிறித்தவப் பெண்களைப் போல் சட்டை போடலாம், மீனவப் பெண்களைப் போல் முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், வேறு எப்படியும் மறைக்கலாம்; உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனையை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். அரசுக்கு மானம் பற்றிய கவலை இல்லை. துணி எந்தத் தோளில் எப்படி விழுகிறது என்பதில்தான் கண். தைத்த சட்டை மறைக்கும், ஆனால் சாதியின் அடையாளத்தைத் தொடாது. ஆகவே அதை விட்டுக்கொடுத்தார்கள். தோளில் கிடந்த சீலை மறைப்பதோடு சமத்துவத்தையும் கேட்டது. ஆகவே அதைக் கிழித்தார்கள்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெண்களில் பெரும்பாலானவர்கள் உழைத்தவர்கள். பதநீர் காய்ச்சினார்கள், சுமை தூக்கினார்கள், சந்தைக்கு நடந்தார்கள். தோளில் போட்ட துணி குனிந்தால் நழுவும். தைத்த சட்டை இரண்டு கையும் வேலையில் இருக்கும்போதும் உடம்பில் நிற்கும். அது தெரிந்தும் சீலைக்காக அடிபட்டார்கள் என்றால், வசதியைவிடப் பெரிய ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. எதை உடுத்துவது என்று தானே தீர்மானிக்கும் உரிமை அது.

2016-இல் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் இந்தப் பகுதியைத் தேர்வுக்கு உரியதல்ல என்று விலக்கியது. பின்னர் என்.சி.இ.ஆர்.டி. அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டது. 2023 மார்ச் 6-இல் போராட்டத்தின் 200-ஆவது ஆண்டு விழா நாகர்கோவிலில் நடந்தது. தமிழக, கேரள முதல்வர்கள் இருவரும் வந்தார்கள். மேடைகள் வரும், போகும். பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டியது திரும்பப் புத்தகத்துக்கே வர வேண்டும்.

*

ஊசி இந்த ஊர்ப் பெண்களுக்குக் கூலியாகவும் வந்தது. மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் 1820-களில் பெண்களுக்கு ரேந்தை என்னும் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். 1897-இல் முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜியத் துறவி மேரி லூயிஸ் தெ மேஸ்தர் தொடங்கிய கன்னியர் மடத்திலும் பூத்தையலும் ரேந்தையும் வளர்ந்தன. பின்னியவர்கள் ஒருபோதும் போட்டுப்பார்க்காத உடைகளின் கழுத்திலும் கையோரத்திலும் அந்த ரேந்தை போய் உட்கார்ந்தது.

*

நடவு வயலில் சேலைக்கு மேல் வீட்டு ஆணின் முழுக்கைச் சட்டை. நூறு நாள் வேலையிலும் அதேதான். யாரும் வடிவமைத்துக் கொடுக்கவில்லை. பெண்களே கண்டுபிடித்த வேலை உடை. கையை வெயிலிலிருந்தும் நெல்தாளின் அறுப்பிலிருந்தும் காக்கிறது, முந்தானையை அடக்கி வைக்கிறது, முன்னால் பை இருக்கிறது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விடியுமுன்னே ரப்பர் வெட்டப் போகும் பெண்களுக்கும் பழைய சட்டைதான் துணை. பால் பட்டு உறைந்த கறை எந்தச் சோப்புக்கும் போகாது.

அளவு மட்டும்தான் அவர்களுடையது இல்லை. தோள் இறங்கித் தொங்குகிறது, கையை மூன்று மடிப்பு மடிக்க வேண்டியிருக்கிறது, மார்பில் பொத்தான் பிதுங்குகிறது. நம் ஊர்த் தையல்காரர்கள் யாராவது பெண்ணின் தோளுக்கும் மார்புக்கும் அளந்து, சேலைக்கு மேல் போடும்படி, கனமில்லாத பருத்தியில் ஒரு வயல் சட்டை தைத்து விற்றால் வாங்க ஆள் இருக்கிறது. இதை எழுதிவைக்கிறேன், செய்ய நினைப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

*

நைட்டி. மார்த்தாண்டம் பக்கம் போனால் மேக்சி.

இந்த மாவட்டத்தின் உண்மையான தேசிய உடை இதுதான் என்று எனக்குப் படுகிறது. மேலே ஒரு தோர்த்தோ துண்டோ போட்டால் ரேஷன் கடை, பால் கடை, பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுவது எல்லாம் நடக்கும். ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தின் பெரியவர்கள் 2018-இல் பகலில் நைட்டி அணியும் பெண்களுக்கு 2,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். 1859 அறிவிப்பை எழுதியவர்களின் மனம் இன்னும் எங்கெல்லாம் உயிரோடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நைட்டியின் வெற்றி அதன் வெட்டில் இருக்கிறது. எடை முழுவதும் தோளில். இடுப்பில் நாடா இல்லை, கொக்கி இல்லை. இரண்டு மழைக்காலமும் புழுக்கமும் சேர்ந்த இந்த ஊரில் உடம்பைச் சுற்றிக் காற்று ஓட வழி இருக்கிறது. சேலையின் உள்பாவாடை நாடா இறுகி இடுப்பில் கறுத்த தழும்போடு வாழும் பெண்கள் அதை ஏன் விரும்ப மாட்டார்கள்?

குறைகளும் சொல்ல வேண்டும். கடைகளில் பெரும்பாலும் 54, 56 அங்குல உயரத்தில்தான் வருகிறது. உயரம் குறைந்த பெண்கள் படியேறும்போது முன்விளிம்பை மிதிக்கிறார்கள். வாங்கிய அன்றே கணுக்காலுக்கு மேல் வருமாறு மடித்து அடித்துவிட வேண்டும். அதைவிட முக்கியம் துணி. விலை குறைவு, காய்வது சுலபம் என்று பாலியஸ்டர் நைட்டியோடு அடுப்படியில் நிற்க வேண்டாம். தீப்பட்டால் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியும், ஆனால் உடம்பில் உருகி ஒட்டாது. அகலமான தொங்கு கைகள் அடுப்புக்கு நேரே ஆபத்து. முழங்கைக்கு மேலே முடியும் கை போதும்.

*

கல்லூரிப் பிள்ளைகள் இப்போது ஜம்ப்சூட், ரோம்பர் போடுகிறார்கள். மேலும் கீழும் ஒரே உடுப்பு, காலுக்கு இரண்டு குழாய். போடட்டும். ஓடலாம், ஏறலாம், காற்றுக்குப் பயமில்லை. ஆனால் வாங்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். சட்டையும் பேன்டும் தனித்தனியாக இருந்தால், குனியும்போது முதுகு நீள்வதை இடுப்பு இடைவெளி வாங்கிக்கொள்ளும். ரோம்பரில் அந்த இடைவெளி கிடையாது. நீளம் எங்கிருந்தாவது வர வேண்டும். தோளை இழுக்கும், இல்லையென்றால் கால்கவட்டில் வெட்டும். அதனால் நேரே நிற்கும்போது இடுப்பில் சற்றுத் தொளதொளவென்று துணி தொங்குவதுதான் சரியான அளவு. கண்ணாடியில் கச்சிதமாக இருப்பது உட்கார்ந்தால் கொல்லும். அளவு கொடுத்துத் தைப்பதாக இருந்தால் ஒரு தோளிலிருந்து முன்பக்கமாக இறங்கி, கால்களுக்கிடையே போய், பின்பக்கமாக அதே தோளுக்கு வரும் முழுச் சுற்றை அளக்கச் சொல்ல வேண்டும். பலருக்கு அந்த அளவு இருப்பதே தெரியாது.

கழிப்பறை என்ற சங்கதியும் உண்டு. ரோம்பர் என்றால் தோளிலிருந்தே கழற்ற வேண்டும். ஈரத்தரை, கொக்கி இல்லாத கதவு. நம் ஊர்ப் பொதுக் கழிப்பறைகளை நினைத்தால் நீண்ட பயணத்துக்கு அது ஆகாது. மாதவிலக்கு நாட்களில் சொல்லவே வேண்டாம். பின்னால் இடுப்போடு திறக்கும் ஜிப் வைத்துத் தைத்தால் தீரும். கடையில் தொங்கும் உடுப்புகளில் நான் அதைக் கண்டதில்லை.

*

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 123-ஆவது விதி: பின்னிருக்கை உள்ள இரு சக்கர வண்டியில் கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும், உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காமலிருக்க. நகரும் துணியை எண்ணிப்பார்த்த விதி இது. வண்டி வாங்கியதும் அழகுக்காக அந்தத் தடுப்பைக் கழற்றிவிடுகிறவர்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும். சுடிதார் ஷால் இதில் சேலையைவிட மோசம். சேலைக்கு ஒரு முனைதான், ஷாலுக்கு இரண்டு. கழுத்தில் போட்டுப் பின்னால் தொங்கவிட்டால், சக்கரத்தில் சுற்றியதும் கழுத்தைத்தான் இறுக்கும். குறுக்கே போட்டு இடுப்பில் முடிச்சிடுங்கள். இல்லையென்றால் மடித்துப் பையில் வையுங்கள்.

2019-இல் தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்குச் சேலையும் சுடிதாரும் அணியலாம் என்றது. சுடிதாருக்கு ஷாலும் வேண்டும் என்று சேர்த்தே சொன்னது.

*

தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், இந்திய உடலுக்கென்று அளவுப் பட்டியல் செய்ய ஆறு நகரங்களில் 25,000 பேரை அளக்கும் திட்டத்தை எடுத்தது. தேவையான வேலை. எஸ், எம், எல் என்று எங்கோ தீர்மானித்த எழுத்துகளுக்குள் நம் தோளையும் இடுப்பையும் திணித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு கடையின் எம் இன்னொரு கடையில் எல்.

ஆனாலும் அளவு எவ்வளவு சரியாக வந்தாலும் பெண்ணுடுப்பில் ஒன்று விடுபட்டே வருகிறது: பை. சில்லறை சுருக்குப்பையிலும் மடியிலும், இப்போது போன் கையிலும். கூடையைப் பிடித்த கை போக மிச்சமிருந்த கையையும் போன் எடுத்துக்கொண்டது. சுடிதாரின் பக்கத் தையலில், ஓபன் தொடங்கும் இடத்துக்கு மேலே, உள்ளே தொங்கும்படி ஒரு பை வைக்கக் கால் மீட்டர் துணிகூட வேண்டாம். நைட்டியிலும் அப்படியே. கேட்டால் எல்லாத் தையல்காரர்களும் வைத்துத் தருகிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.

அடுத்த முறை அளவு கொடுக்கப் போகும்போது பழைய ஜாக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து காட்டி அளக்கச் சொல்லுங்கள். உள்தையலில் ஒரு அங்குலம் விடச் சொல்லுங்கள், உடம்பு மாறும்போது பிரித்துக்கொள்ளலாம். உங்கள் மகளின் பள்ளிச் சீருடைக்கும் ஒரு பை கேளுங்கள். பையனின் சீருடையில் அது கேட்காமலே இருக்கிறது.