சாயத்தண்ணீரும் போர்தோ வைனும்

இரத்தினபுரித் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து வாடும் மணத்திலேயே வளர்ந்த எனக்கு, பாரிஸில் வாழும் அத்தானின் இல்லத்தில் அருந்தக் கிடைத்த போர்தோச் சிவப்பு வைன் சிறிதும் அந்நியமாகத் தோன்றவில்லை. நாவின் ஓரங்களை இறுகப் பிடித்த அதன் துவர்ப்பு, பால் விடாத எங்கள் சாயத்தண்ணீரின் சகோதரமே. திராட்சைச் சாறு தோலோடும் விதையோடும் சேர்ந்து நொதிப்பதால் சிவப்பு வைனுக்கு நிறமும் துவர்ப்பும் வாய்க்கின்றன. தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்கவிடும் வெள்ளை வைன்களுள் ஷப்லி, சுண்ணாம்பு மண்ணில் விளைந்த ஷார்தொனே திராட்சையின் கூரிய புளிப்பையும் பச்சை அப்பிளின் வாசனையையும் தாங்கி, நுவரெலியாத் தேயிலையின் மென்மையை எனக்கு ஞாபகமூட்டிற்று.

எங்கள் இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கிய சப்ரகமுவவின் தேயிலையோ, ஏறக்குறைய 800 மீற்றருக்குக் கீழ்ப்பட்ட சரிவுகளில் வெப்பமும் மழையும் ஊட்டி வளர்த்த தாழ்நிலப் பயிர். செம்மை கலந்த கரும்பழுப்பும், கருக்கிய சீனியின் இனிமையும் அதன் சுபாவம். தேயிலைச் சுவைஞர் கரண்டியால் சாயத்தை ஓசையெழ உறிஞ்சி, வாய் முழுதும் உலாவவிட்டு உமிழ்வதும், வைன் சுவைஞர் கிண்ணத்தைச் சுழற்றி முகர்ந்து, சுவைத்து உமிழ்வதும் ஒரே கலைதான். ஆயினும் அங்கே போத்தலின் முகத்தில் பிரதேசத்தின் நாமமும் அறுவடை ஆண்டும் சகல கௌரவத்துடன் அச்சாகின்றன. எங்கள் கேகாலை, இரத்தினபுரித் தேயிலையோ கொழும்பு ஏலத்திற்குப் பின் பிறவற்றோடு கலந்து, பெரும்பாலும் பெயரற்றே கப்பலேறுகிறது. அந்தக் கொழுந்தைக் கிள்ளிய பெண்களுடைய தோட்டத்தின் பெயரேனும் பொதியில் இருக்கவேண்டுமென மனமார விரும்புகிறேன்.