நடப்படாத ஏழு மரங்கள்

எனது குறிப்பேட்டில் ஏழு மரங்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. முருங்கை, தேசி, கறுத்தக்கொழும்பான் மா, செவ்விளநீர், பலா, வேம்பு, பனை. இவற்றுள் ஒன்றேனும் இன்னும் மண்ணில் இறங்கவில்லை. மாரி மழையைக் காத்துக் கிடக்கின்றன.

வீட்டுத்தோட்டம் செய்கின்ற எவரிடமும் இப்படியொரு பட்டியல் இருக்கும். நட்டவற்றைப் பற்றிப் பேசும்போது உரம், பூச்சி, தண்ணீர் என்று கணக்குப் பேசுவார்கள். நடப்போவதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகமே மலர்ந்துவிடும்.

நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். அத்தொழிலில் எதற்கும் ஒரு நாள்தான் ஆயுள். இரவில் அச்சேறும் தலைப்புச் செய்தி மறுநாள் மாலையில் கடலைச் சுருளாகிவிடும். அப்படி வாழ்ந்தவனுக்கு, தனக்குப் பின்னும் நிற்கக்கூடிய ஒன்றின்மீது ஆசை வருவது இயல்புதானே.

ஆசைக்கும் மண்ணுக்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. பட்டியலில் எட்டாவதாக றம்புட்டானும் இருந்தது. கொழும்பில் இருந்த காலத்தில் மல்வானைப் பழத்தின் சுவை நாவில் ஒட்டிக்கொண்டது. ஆனால் அது ஈரவலயத்து மரம். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலமும் சித்திரை வைகாசி வெயிலும் அதற்கு ஆகாதவை. அதனை வெட்டிவிட்டேன். செவ்விளநீருக்கு அருகில் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். ஆகவே இங்கு எந்த மரத்தை நடுவது என்ற கேள்வி, எவ்வளவு தண்ணீரைச் செலவிடலாம் என்ற கேள்வியும் ஆகும்.

ஏழு மரங்களையும் அவற்றின் பொறுமையின் வரிசையில் எழுதிப் பார்த்தேன். முருங்கைத் தடியை ஊன்றினால் ஓராண்டளவில் காய் பறிக்கலாம். ஒட்டு மாங்கன்று மூன்று, நான்கு ஆண்டுகளில் பூக்கும். தென்மராட்சியிலிருந்து கொண்டுவந்த பலாக்கொட்டை அதைவிடக் கூடுதலாகக் காக்கவைக்கும். பனையோ பன்னிரண்டிலிருந்து இருபது ஆண்டுகள் வரை கேட்கும். அது ஆண்பனையா பெண்பனையா என்பதுகூட முதற் பாளை வெளிவரும்போதுதான் தெரியும்.

இந்த வரிசையைப் பார்த்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய நாள் முதல் நான் நட்டவையெல்லாம் வரிசையின் முதற் பகுதியைச் சேர்ந்தவை. கொழும்பில் வாடகை வீடுகளில் வாழ்ந்தோம். சாடிகளில் மிளகாய், பொன்னாங்காணி, மதிலோரத்தில் ஒரு பப்பாசி. வாடகை வீட்டில் எவரும் பலாமரம் நடுவதில்லை. நலன்புரி முகாம்களில் இருந்த எங்கள் ஊரவர்களும் கொட்டிலைச் சுற்றிக் கீரையும் கத்தரியும்தான் வைத்தார்கள். நாளை எங்கே இருப்போம் என்று தெரியாதவர்கள் விரைவாகக் காய்ப்பதைத்தான் நடுவார்கள்.

போரில் அழிந்த மரங்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளைப் பற்றி நானே பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த ஆண்டுகளில் நடப்படாமற்போன மரங்களை யார் கணக்கிட்டார்கள்? மெதுவாக வளர்வதை நடுவதற்கு நிலம் மட்டும் போதாது. அந்த நிலத்தில் நிலைத்திருப்போம் என்ற நம்பிக்கையும் வேண்டும். எங்கள் தலைமுறை இழந்தவற்றுள் அதுவும் ஒன்று.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்து, வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். அதற்கு முந்திய ஆண்டில் இரசாயன உர இறக்குமதிக்கு விதித்த தடையால் வயல்கள் வாடியிருந்தன. அப்போது நாடெங்கும் முற்றங்களில் பயிற்றையும் வெண்டியும் மிளகாயும் முளைத்தன. பிழை சொல்வதற்கில்லை, பசி பொறுக்காது. ஆனால் அச்சத்தில் நடுவது ஒன்று, ஆசையில் நடுவது வேறொன்று.

போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தே எங்கள் வளவு விடுவிக்கப்பட்டது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கற்கள் மட்டும் இருந்தன. எல்லையைக் காட்டியவை பூவரசுகள். வேலிக்கென்று அப்பா ஊன்றிய கதியால்கள், வெட்டுவாரின்றிப் பெருமரங்களாகி வரிசையாக நின்றன. நில அளவையாளர் வருவதற்கு முன்னரே எங்கள் எல்லை எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டுக்குக் குழையும் தோட்டத்துக்குப் பசளையும் வேண்டி அவர் ஊன்றியவை, அவர் நினைத்தேயிராத ஒரு வேலையைச் செய்திருந்தன.

அண்மையில் வடக்கெல்லையில் பத்துப் பனங்கொட்டைகள் புதைக்கப்போவதாகப் பக்கத்து வளவு இளைஞரிடம் சொன்னேன். "ஐயா, அது காய்க்க இருபது வருஷம் செல்லுமே. ஆர் இருந்து நுங்கு குடிக்கப்போகினம்?" என்று கேட்டார். "நீர்தான்" என்றேன். அவர் சிரித்தார். பிறகு, "அப்ப ஆடு கடிக்காமல் நான் முள்ளுக் கட்டிவிடுறன்" என்றார். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து தொலைபேசியில் பேசும் உறவினர்கள், "எங்கட மாமரம் நிக்குதோ?" என்று கேட்கிறார்கள். வீட்டைப் பற்றிய விசாரணை அதற்குப் பிறகுதான் வரும். நிற்கிறதோ இல்லையோ, இனி நட வேண்டியவற்றையும் கேளுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லி வருகிறேன். இருக்கும் நாட்டில் கையளவு மண் இருந்தாலும், அங்கே நீண்டகாலம் நிற்கும் ஒன்றை நடலாம்.

ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கும். ஐப்பசி மழைக்கு முன்னர் குழிகள் வெட்டியாக வேண்டும். பலாவுக்கு நல்ல இடம் கிழக்கா மேற்கா என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. மனைவி கிழக்கு என்கிறாள்.