ஆறு சுற்றில் நின்ற இன்ஜின்!

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று எண்ணிக்கொண்டே வந்த பேத்தி ஆறில் நிறுத்தினாள். இன்ஜினும் நின்றுவிட்டது. உள்ளங்கை அகலப் பித்தளைச் சக்கரம் ஒருமுறை பின்னால் ஆடி அப்படியே அசையாமல் நின்றது. சிலிண்டரின் அடியிலிருந்து சுடுதண்ணீர் இரண்டு சொட்டு மேஜையில் விழுந்தது.

"தாத்தா, அவ்ளோதானா?"

தாத்தா பதில் சொல்லவில்லை. ஸ்பிரிட் விளக்கை ஊதி அணைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். நான்கு மாத வேலை அது.

கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறது அந்த வீடு. தெருவில் நடந்தால் அப்பள மாவு வாசனை வரும். இந்த வீட்டின் பின்கட்டுக்குப் போனால் மட்டும் இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை. அங்கே தகரக் கூரைக்குக் கீழே நாலரை அடி லேத் ஒன்று நிற்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன டிரில்லிங் மெஷின், ஒரு வைஸ், சுவரில் வரிசையாகத் தொங்கும் ஸ்பானர்கள். மெஷின்கள் அவ்வளவுதான். மற்றதெல்லாம் பிஸ்கட் டப்பாக்கள். எந்த டப்பாவில் எந்த அளவு போல்ட் இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

அவருக்கு வயது 71. பேட்டை ஐ.டி.ஐ-யில் டர்னர் படித்துவிட்டு, ஒரு நூற்பாலையின் பட்டறையில் 34 வருடம் வேலை பார்த்தவர். தேய்ந்துபோன ஷாஃப்ட், உடைந்த பல்சக்கரம், புஷ் என்று மெஷினுக்கு எது தேவையோ அதைக் கடைந்து கொடுப்பதுதான் வேலை. ஓய்வுபெற்றதும் கைக்கு வந்த பணத்தில் முதலில் வாங்கியது இந்தப் பழைய லேத். இரண்டாவதுதான் வீட்டம்மாவுக்கு வளையல். அந்த வரிசையை ஆச்சி இன்னும் மறக்கவில்லை.

"கொல்லையில இரும்பக் கொண்டாந்து வச்சிக்கிட்டு என்னதான் பண்ணுதீயளோ!" என்பது தினசரி வசனம்.

பல வருடம் அவர் பண்ணியது பெரிதாக ஒன்றுமில்லை. தெருவில் யார் வீட்டு மோட்டார் பம்ப் புஷ் போனாலும் இங்கே வரும். காசு வாங்கமாட்டார். நீராவி இன்ஜின் என்ற பேச்சு வந்ததே போன தை மாதம்தான். அதற்குக் காரணம் மகன்.

சென்னையில் இருக்கும் மகன், பின்கட்டை இடித்துவிட்டு மாடிப்படியோடு ஓர் அறை கட்ட வேண்டும் என்றார். வயதான இருவரும் கழிவறைக்காக ராத்திரியில் கொல்லைக்கு நடக்கிறார்கள். ஒருநாள் வழுக்கி விழுந்தால் என்ன ஆவது? அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. "லேத்தை என்ன பண்ணப்போறீங்கப்பா? பழைய இரும்புக் கடையில கிலோ கணக்குல எடுத்துக்குவாங்க" என்றும் சொன்னார். அதிலும் நியாயம் இருந்தது என்றாலும், அந்த 'கிலோ கணக்கு' தாத்தாவுக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்குப் பார்த்த மெஷினை எடைபோட்டு விற்பதா?

இடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை முடிக்க வேண்டும் என்றார். பத்து வயதிலிருந்து மனதில் கிடந்த வேலை.

அந்தப் பத்து வயதில் அவர் பார்த்த நீராவி இரண்டு. ஒன்று பெரியது. திருநெல்வேலி - செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதையில் அம்பாசமுத்திரம் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கும் கரி இன்ஜின். இன்னொன்று சின்னது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனபோது கடையில் வாங்கித் தந்த தகரப் படகு. உள்ளே திரியைக் கொளுத்தி வைத்தால் 'டப டப'வென்று சத்தம் போட்டுக்கொண்டு தண்ணீரில் ஓடும். இப்போதும் திருவிழாக் கடைகளில் அதைப் பார்க்கலாம்.

அந்தப் படகும் நீராவி இன்ஜின்தான். உள்ளே இருக்கும் சிறு தகட்டுப் பெட்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகும். அந்த ஆவி பின்னால் உள்ள குழாய்த் தண்ணீரை வெளியே தள்ளும். தள்ளிய வேகத்தில் ஆவி குளிர்ந்து சுருங்கும். மறுபடி தண்ணீர் உள்ளே இழுபடும். வால்வும் இல்லை, சக்கரமும் இல்லை. தாமஸ் பியோ என்பவர் 1891-லேயே இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். பத்து வயதுப் பையனுக்கு அதெல்லாம் தெரியாது. படகைப் பிரித்துப் பார்த்தான். திரும்பச் சேர்க்கத் தெரியவில்லை. முதுகில் இரண்டு விழுந்தது.

கடைசல் என்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. அம்பாசமுத்திரம் மரச் சொப்பு சாமான் தெரியாத வீடு உண்டா? கை நகம் அளவில் குடம், உரல், அம்மி, இட்லிப் பானை. எல்லாம் மரத்தை லேத்தில் சுழலவிட்டு உளி பிடித்துக் கடைந்து எடுப்பது. அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால், உராயும் சூட்டிலேயே அரக்கு உருகி வண்ணம் ஏறிவிடும். தூரிகையும் வேண்டாம், காயவைக்கவும் வேண்டாம். அந்தச் சொப்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. தாத்தாவின் மாமா வீட்டில் கடைசல் தொழில். கயிற்றை ஒருவர் இழுக்க, ஒருவர் உளி பிடிக்க என்று கை லேத் ஓடிய காலம். "எனக்கு லேத்து பேட்டையில படிச்சதில்ல. கயிறு இழுத்துப் படிச்சது" என்பார்.

சரி, இன்ஜினுக்கு வருவோம்.

முதல் முறை செய்பவர்கள் உலகம் முழுக்க எடுத்துக்கொள்ளும் வகையைத்தான் அவரும் எடுத்தார். சிலிண்டரே ஊஞ்சல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடும் இன்ஜின். சிலிண்டர் ஒரு பக்கம் சாயும்போது அதன் துளை ஆவி வரும் துளையோடு சேரும். மறுபக்கம் சாயும்போது ஆவி வெளியேறும் துளையோடு சேரும். தனி வால்வு தேவையில்லை. இங்கிலாந்தில் இப்படி வீட்டில் இன்ஜின் செய்பவர்களுக்கென்றே 1898-ல் 'மாடல் இன்ஜினியர்' என்று ஒரு பத்திரிகை தொடங்கியிருக்கிறார்கள் என்றால், எத்தனை வீட்டுப் பின்கட்டுகளில் இந்தப் பைத்தியம் இருந்திருக்கும்!

சிலிண்டருக்குப் பித்தளைக் கட்டி. 12 மில்லிமீட்டர் துளை. டிரில் போட்டு, ரீமர் விட்டு வழவழப்பாக்கினார். பிஸ்டனைக் கடைவதுதான் கஷ்டம். இறுக்கமாக இருந்தால் ஓடாது, தளர்ந்தால் ஆவி ஒழுகும். அதைச் சோதிக்க அவரிடம் மைக்ரோமீட்டரைவிட நல்ல வழி ஒன்று இருந்தது. சிலிண்டரின் ஒரு முனையை விரலால் மூடிக்கொண்டு பிஸ்டனை வெளியே இழுத்து விட வேண்டும். 'டொப்' என்று தானே உள்ளே போனால் சரி. மூன்று பிஸ்டன் கடைந்தார். மூன்றாவதுதான் 'டொப்' என்றது.

அதற்குள் சிக்கல் வேறு பக்கம் வந்தது. இரண்டு மில்லிமீட்டர் துளைகள் இரண்டை, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சரியாக 3 மில்லிமீட்டர் தள்ளிப் போட வேண்டும். வலது கண்ணில் புரை. இப்போதெல்லாம் விரல் லேசாக நடுங்குகிறது. குறித்த இடத்தில் பஞ்ச் உட்காரவில்லை. ஒரு தகடு வீணானது, இன்னொன்றும் வீணானது. ஒரு மாதம் அந்த வேலையைத் துணி போட்டு மூடிவைத்திருந்தார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மே மாதம் பேத்தி லீவுக்கு வந்தாள். எட்டாம் வகுப்பு முடித்தவள். மூடிய துணியை விலக்கிப் பார்த்ததே அவள்தான்.

"ஏட்டி, தொடாத. கை கிழிஞ்சிரும்."

"இது என்ன தாத்தா?"

சொன்னார். கேட்டுவிட்டு, "நான் பஞ்ச் அடிக்கட்டா?" என்றாள்.

பட்டறைக்குள் நுழைய மூன்று கட்டளைகள். சடையைத் தூக்கிக் கொண்டை போட வேண்டும், துப்பட்டா கூடாது. சக்கை முடுக்கிய சாவியை அதிலேயே விட்டுவிட்டு சுவிட்சைத் தொடக் கூடாது. சுருள் சுருளாக வரும் உலோகச் சீவலைக் கையால் இழுக்கக் கூடாது. மூன்றையும் திருப்பிச் சொல்லச்சொல்லிக் கேட்ட பிறகே உள்ளே விட்டார். அவள் போட்ட துளைகள் முதல் முறையிலேயே சரியாக விழுந்தன. பாராட்டெல்லாம் இல்லை. "இருக்கட்டும்" என்றார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய சான்றிதழ்.

பாய்லருக்கு இரண்டங்குலச் செம்புக் குழாய். இதில் மட்டும் அவர் விளையாடவில்லை. ஈயப் பற்று 180 டிகிரியை ஒட்டி உருகிவிடும். தண்ணீர் வற்றி நெருப்பு நேராகப் பட்டால் பாய்லர் பிரிந்துவிடும். அதனால் ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டு வெள்ளி கலந்த கம்பியால் பற்றவைத்தார். பிறகு பாய்லர் முழுக்கப் பச்சைத் தண்ணீரை நிரப்பி, ஓட்டப்போகும் அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு ஏற்றிக் கால் மணி நேரம் வைத்தார். ஏன் காற்றை அடைத்துப் பார்க்கக் கூடாது என்று பேத்தி கேட்டாள். காற்று சுருங்கி உட்கார்ந்திருக்கும், பாய்லர் விட்டுப்போனால் வெடிக்கும். தண்ணீர் சுருங்காது, விட்டுப்போனால் சொட்டத்தான் செய்யும். குக்கரில் இருப்பதுபோல ஒரு சேஃப்டி வால்வையும் வைத்த பிறகே நெருப்பு.

சைக்கிள் பம்ப் காற்றில் இன்ஜின் ஜோராக ஓடியது. நீராவியை விட்டபோதுதான் அந்த ஆறு சுற்று.

இதே இடத்தில் 260 வருடங்களுக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஜேம்ஸ் வாட். 1763-64 குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவரிடம் ஒரு மாடல் இன்ஜினைப் பழுதுபார்க்கக் கொடுத்தது. நியூகோமென் என்பவரின் பெரிய நீராவி இன்ஜினை அப்படியே சின்னதாகச் செய்த பொம்மை. பாய்லர் அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் சில அடிகள் அடித்துவிட்டு நின்றுவிடும். பெரியது ஓடும்போது சின்னது ஏன் ஓடவில்லை?

அண்டாவில் வைத்த வெந்நீர் ஆற நேரமாகும். அதையே டம்ளரில் ஊற்றினால் உடனே ஆறிவிடும். எல்லா அளவையும் பாதியாக்கினால் உள்ளே பிடிக்கும் ஆவி எட்டில் ஒரு பங்காகிறது. சூட்டை இழுக்கும் சுவரோ நாலில் ஒரு பங்குதான் ஆகிறது. சின்ன சிலிண்டரில் வரும் ஆவியெல்லாம் சுவரைச் சூடாக்கியே தீர்ந்துபோகும். வாட் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போய்தான், சிலிண்டரைச் சூடாகவே வைத்து ஆவியை வேறு பாத்திரத்தில் குளிரவைக்கும் யோசனையை 1765-ல் எட்டினார். ஆனால், பெரிய சிலிண்டரை ஒழுங்கான வட்டமாகக் குடைய ஆள் கிடைக்காமல் வருடக்கணக்கில் தவித்தார். ஜான் வில்கின்சன் 1774-ல் கொண்டுவந்த குடையும் இயந்திரம்தான் அதைத் தீர்த்தது. உலகத்தை மாற்றிய இன்ஜினும் ஒரு கடைசல்காரருக்காகக் காத்திருந்தது என்று சொன்னால் தாத்தா சிரிப்பார்.

கல்லிடைக்குறிச்சி மேஜையில் நடந்ததும் இதுதான். குளிர்ந்த பித்தளைக்குள் போன ஆவி தண்ணீராகி பிஸ்டனை அடைத்துக்கொண்டது. தாத்தாவுக்கு வாட் கதை தெரியாது. ஆனால் சொட்டிய தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். "உள்ள குளுந்து கெடக்கு" என்றார். மில்லில் இருந்து பழக்கமான பருத்தி நூலை எடுத்து, ஆவிக் குழாயைச் சுற்றி நெருக்கமாகச் சுற்றச்சொன்னார். மறுநாள் விளக்கை ஏற்றி, ஆவியைக் கொஞ்சமாக விட்டுக்கொண்டே சக்கரத்தை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். பத்து, இருபது, முப்பது சுற்று. தண்ணீர் துப்பியது. துப்புவது குறைந்தது. பிறகு விரல் வேண்டியிருக்கவில்லை.

எட்டு நிமிடம் ஓடியது. தண்ணீர் வற்றும் முன் அவரே கடிகாரம் பார்த்து விளக்கை அணைத்தார். ஆச்சி அடுக்களை வாசலில் நின்று பார்த்தபடி, "சத்தம் அந்தத் தகரப் படகு கணக்கால்ல இருக்கு" என்றார். 46 வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்தப் படகுக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பாரோ.

பேத்தி வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். கூடவே போனில் தேடி, நாக்பூரைச் சேர்ந்த இக்பால் அகமது செய்த இன்ஜினைத் தாத்தாவிடம் காட்டினாள். உயரம் 6.8 மில்லிமீட்டர், எடை 1.72 கிராம். உலகிலேயே சின்ன நீராவி இன்ஜின் என்று கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. தாத்தா போனைக் கண்ணருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "பிஸ்டன எப்படிப் புடிச்சிருப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

மகன் அன்று ராத்திரி அழைத்தார். வீடியோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "லேத் நீளம் மோட்டாரோட சேர்த்து எவ்வளவுப்பா?" என்று கேட்டார்.

டேப் வைத்து அளந்தார்கள். புதுப் படிக்கட்டுக்குக் கீழே கொத்தனார் கொஞ்சம் இடம் விட்டால் லேத் உள்ளே போய்விடும். டிரில்லிங் மெஷின் போகாது. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த இடத்தை ஆச்சி கிரைண்டருக்கென்று ஏற்கெனவே பேசிவைத்திருக்கிறார். விட்டுக்கொடுப்பதாக இல்லை. செங்கல் வந்து இறங்கிவிட்டது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

பேத்தி சென்னைக்குத் திரும்பிவிட்டாள். கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதுவரை சும்மா இருக்க முடியாமல், தாத்தா அடுத்த சிலிண்டருக்குப் பித்தளை வாங்கிவிட்டார். இந்த முறை துளை 8 மில்லிமீட்டர்.