கணவாயின் கண்

ஞாயிற்றுக்கிழமை. அரைக் கிலோ கணவாய். வெட்டி வாங்க மறந்துவிட்டேன்.

தலையைப் பிடித்து இழுத்தால் குடலும் கூடவே வருகிறது. மைப்பை உடைந்து விரலெல்லாம் கறுப்பு.

அதன் கைகளுக்கு நடுவில் ஓர் அலகு. கிளி மூக்கு மாதிரி.

கண்ணை நசுக்கினேன். உள்ளேயிருந்து ஒரு மணி தெறித்தது. உருண்டை, கெட்டி, கண்ணாடி போலத் தெளிவு. தொட்டியில் உருண்டுபோய்ச் சல்லடையில் நின்றது.

வில்லை. என் கண்ணிலும் ஒன்று இருக்கிறது.

எனக்கும் இதற்கும் பொதுவான மூதாதை 50 கோடி ஆண்டுக்கும் முன்னால். ஏதோ புழு. இருட்டு, வெளிச்சம் இரண்டும் தெரிந்திருக்கலாம். அவ்வளவுதான்.

பிறகு கணவாய் வகையறா தனியாக ஒரு கண் செய்துகொண்டது. நம் வகையறா தனியாக ஒன்று.

நம்முடையதில் நரம்பு விழித்திரைக்கு முன்பக்கம் ஓடுகிறது. வெளியே போக ஓர் ஓட்டை வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் பார்வை இல்லை. கணவாய்க்கு நரம்பு பின்பக்கம். ஓட்டையும் இல்லை, குருட்டுப் புள்ளியும் இல்லை.

பல நாள் கடையில் நின்று பேய்க்கணவாயை விலை கேட்டிருக்கிறேன். “அது வேணாம் தம்பி, வேகவே வேகாது” என்பார் மீன்காரம்மா.

பேய்க்கணவாய் என்றால் ஆக்டோபஸ். நரம்பணுக்கள் சுமார் 50 கோடி. மூன்றில் இரண்டு பங்கு கைகளில்.

மூளைக்கு நடுவே உணவுக்குழாய் போகிறது. கவளத்தைப் பார்த்து விழுங்க வேண்டும்.

ஆயுள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடம். முட்டைகளுக்குக் காவல் இருந்து, அவை பொரிகிற சமயத்தில் தாய் செத்துப்போகிறது. கற்ற எதையும் பிள்ளைக்குச் சொல்வதில்லை. ஒவ்வொன்றும் முதலிலிருந்து.

2016. நியூசிலாந்து, நேப்பியர் நகர மீன் காட்சியகம். தொட்டி மூடி சற்றே விலகியிருந்த இரவில் இங்கி என்ற ஆக்டோபஸ் இறங்கித் தரையில் ஊர்ந்து, வடிகால் குழாய் வழியே கடலுக்குப் போய்விட்டது. உலகமெல்லாம் செய்தி.

தொட்டியில் இன்னொன்றும் இருந்தது. பிளாட்சி. அது போகவில்லை. அதைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதக் காணோம்.

2021-இல் வந்த ஓர் ஆய்வு. கணவாய்க்கு முன்னால் இறால் துண்டு. தொடாமல் இருந்தால் உயிருள்ள இறால். 50 முதல் 130 விநாடி வரை காத்திருந்தன.

எங்கள் வீட்டில் குழம்பு கொதிக்கும் முன்பே தட்டு வந்துவிடும்.

மாடிச் சுவரில் ஒரு காகம். காய்ந்த ரொட்டித் துண்டைத் தொட்டித் தண்ணீரில் நனைத்துத் தின்கிறது. நனைந்ததா என்று அலகால் அமுக்கிப் பார்க்கிறது. நனையாவிட்டால் மறுபடி.

2002, ஆக்ஸ்ஃபோர்டு. பெட்டி என்ற நியூ கலிடோனியக் காகம் நேர்க் கம்பியைக் கொக்கியாக வளைத்தது. குழாய்க்குள் இருந்த குட்டி வாளியைத் தூக்கி, அதிலிருந்த தீனியைத் தின்றது.

காகத்துக்கு நம்மைப் போல ஆறு அடுக்குப் புறணி கிடையாது. மூளையின் கட்டுமானமே வேறு. ஓட்டு வீட்டிலும் சோறு வேகிறது.

எதிர்வீட்டு வேப்பமரத்தில் அதே மாடிச் சுவர்க் காகம் குயில் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது. போன வருடமும்.

கடலடிப் பாறையில் ஒட்டிக்கிடந்து, தொட்டால் தண்ணீர் பீச்சும் ஓர் உயிர் உண்டு. குஞ்சாக இருக்கும்போது வாலாட்டி நீந்தும். சின்னதாக ஒரு மூளையும் இருக்கும். நல்ல பாறை கிடைத்ததும் தலையை ஒட்டிக்கொள்ளும். வாலையும் அந்த மூளையையும் கரைத்து உடம்புக்குள் வாங்கிக்கொள்ளும். இனி எங்கும் போக வேண்டியதில்லை.

எந்த அலுவலகத்தையும் மனதில் வைத்து எழுதவில்லை.

நம் மூளை: உடல் எடையில் 2 சதவீதம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் சக்திச் செலவில் 20 சதவீதம்.

மத்தியத்தரைக் கடலில் மல்லோர்க்கா தீவு. அங்கே ஒரு காட்டு ஆடு. துரத்த விலங்கு இல்லை. மூளை சுருங்கியது, கண் சுருங்கியது. அந்த எடை ஆட்டுக்கு இருக்க வேண்டிய மூளையில் பாதிதான். குறையொன்றும் இல்லாமல் 50 லட்சம் ஆண்டு ஓடியது.

பிறகு படகு வந்தது.

2003, இந்தோனேசியா, ஃபுளோரஸ் தீவு. லியாங் புவா குகையில் மூன்றரை அடி உயர மனிதரின் எலும்புகள். மூளை சுமார் 400 கன செ.மீ., சிம்பன்சி அளவு. அதே குகையில் கல் கருவிகள்.

தீவு என்றாலே சுருங்குகிறதா. ஆடும் மனிதனும்.

எழும்பூர் அருங்காட்சியகம். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சேர்த்த கல் கருவிகள். அவர் பல்லாவரத்தில் முதல் கல்லை எடுத்தது 1863 மே 30.

கண்ணாடிக்குள் கைக்கோடரி. கண்ணீர்த்துளி வடிவம். பிடிக்கிற பக்கம் உருண்டை, வெட்டுகிற பக்கம் கூர். கை தானாகக் குவிகிறது.

அதே ஆண்டு ஃபூட் போய்ச் சேர்ந்த இன்னோர் இடம், கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அதிரம்பாக்கம். அங்கே கிடைத்த கைக்கோடரிகளின் காலம் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் கணித்தார்கள்.

ஆப்பிரிக்காவிலும் இந்த வடிவம்தான். பத்து லட்சம் ஆண்டுக்கு மேல் இந்த வடிவம்தான். தலைமுறைக்கு 25 ஆண்டு வைத்தால் 40,000 தாத்தாக்கள். ஒருவருக்கும் சலிக்கவில்லை.

1988 பிப்ரவரி. உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி, 12 குடுவை, எல்லாவற்றிலும் ஒரே ஈ. கோலை பாக்டீரியா. தினமும் நூற்றில் ஒரு பங்கை எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்ற வேண்டும். 500 தலைமுறைக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து உறைய வைக்க வேண்டும்.

குடுவையில் குளுக்கோஸ் கொஞ்சம், சிட்ரேட் நிறைய. காற்றுள்ள இடத்தில் சிட்ரேட்டைத் தின்ன இதற்குத் தெரியாது. இலை நிறையப் பரிமாறியிருக்கிறது. 15 ஆண்டு யாரும் கை வைக்கவில்லை.

ஏறத்தாழ 31,500-ஆம் தலைமுறை. ஒரு குடுவை கலங்கியது. தின்னக் கற்றுக்கொண்டுவிட்டது.

மற்ற 11 தெளிவாகவே இருந்தன.

உறைந்த முன்னோர்களை எழுப்பி மறுபடி ஓடவிட்டார்கள். 20,000-ஆவது தலைமுறைக்குப் பிந்தியவற்றில் சில மீண்டும் கற்றன. அதற்கு முந்தியவை கற்கவில்லை. அந்த நேரத்தில் ஏதோ நடந்திருக்கிறது. அன்று குடுவையைப் பார்த்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

கனடாவின் பர்ஜஸ் பாறைப் புதைபடிவங்கள். 50 கோடி ஆண்டுக்கு முந்திய பிராணிகள். அவற்றில் ஒன்றுக்கு ஐந்து கண்.

ஸ்டீபன் ஜே கூல்ட் 1989-இல் அவற்றை வைத்துப் புத்தகம் எழுதினார்: உயிரின் கதையை மறுபடி ஓட்டினால் மனிதன் வரமாட்டான். அதே பிராணிகளைக் கல்லிலிருந்து படித்தவர்களில் ஒருவர் சைமன் கான்வே மோரிஸ். அவர் பதில்: நம்மைப் போல ஒன்று வந்தே தீரும்.

ஒரே பாறை.

1982. கனடாவில் பணியாற்றிய தொல்லுயிரியலாளர் டேல் ரஸ்ஸல். விண்கல் விழாமல் டைனோசர் தப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஓர் உருவம் செய்து நிறுத்தினார். இரண்டு கால், பெரிய தலை, பெரிய கண், மூன்று விரல். வால் இல்லை.

தொப்புள் உண்டு. டைனோசருக்கு.

கழித்த கண், அலகு, குடல் எல்லாவற்றையும் தாளில் வைத்து மாடிச் சுவரில் வைத்தேன். வில்லையும் அதில்தான்.

நான் நிற்கும்வரை காகம் வரவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். வந்தது. ஒரு கண்ணைக் கொத்தியது, மணி வெளியே வந்தது. அலகில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது.

குடலைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்துக்குப் போனது. அங்கே குயில் குஞ்சு வாயைத் திறந்து வைத்திருந்தது.

சாயங்காலம் இரண்டு மணியையும் எறும்புகள் இழுத்துக்கொண்டு போயின. உருண்டை, பிடிக்க இடமில்லை. நழுவி நழுவிச் சுவர் விளிம்பு வரை வந்தது ஒன்று. அங்கிருந்து எப்படி இறக்கின என்று பார்க்கவில்லை. உள்ளே குழம்பு.